கரும்பு வண்டிக்கு வழி

அக்கா,

கோபம் தீராமலே ஒருவருக்குச் செய்யும் நல்லதை நல்லது என்று சொல்லலாமா? கல்லூரியில் அறவியல் நடத்தி ஐம்பதை நெருங்கும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

இன்று மாலை செலியமேட்டில் நம் நிலத்துக்குப் போனேன். வெட்டிக் கிடந்த கரும்பில் லேசாகப் புளித்த வாசனை. நம் வயலுக்குப் பின்னால் நிலம் வைத்திருக்கும் கோவிந்தனுடையது. நம் நிலத்தை விட்டால் அவர் வண்டிக்கு வழியில்லை. நம் வயலில் உளுந்து இப்போதுதான் முளைத்திருக்கிறது. ஆளை விட்டு முள் வெட்டிப் போட்டு மறித்திருந்தேன்.

"வழி வுடும்மா, காஞ்சா எடை நிக்காது" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

வருடந்தோறும் நம் வரப்பைச் சீவித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவர். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சீவினார். உன் சாவுக்கு வரவில்லை.

முன்பு ஒருமுறை அவர் டிராக்டருக்கு நீ வழிவிட்டாய். முன்னால் நடந்து வழிகாட்டிக்கொண்டே திட்டினாய்.

"ஓரமா ஓட்டுய்யா! வரப்பத் தின்னது பத்தலியா, வயலையும் தின்னணுமா?"

"நல்லா திட்டும்மா, வண்டிய மட்டும் நிறுத்தாத" என்று சிரித்தார் அவர்.

மன்னிக்காமல் வழிவிடுவதில் என்ன பெருமை என்று வீட்டில் உன்னைக் கேட்டேன். கால் கழுவிக்கொண்டே சொன்னாய்: "பெருமைக்கு யாருடி வுட்டது? கோவம் எப்பப் போவும்னு எனக்கு இன்னா தெரியும்? அது போற வரிக்கும் நின்னா கரும்பு காஞ்சி பூடும்."

உனக்கு இளகிய மனசு என்றது ஊர். நான் நம்பவில்லை. அவர்மேல் உனக்கிருந்த வெறுப்பு கடைசிவரை குறையவில்லை என்பது எனக்குத் தெரியும். மனம் கனிந்தால்தான் செயல் சரியாகும் என்று நினைத்திருந்தவள் நான். நீயோ மனத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்தாய். அது மனவுறுதியா, வெறும் பழக்கமா? நீ போன பிறகும் இந்தச் சந்தேகம் என்னோடு இருக்கிறது.

இதை மறுநாள் எழுதுகிறேன். காலையில் போய் முள்ளை நானே இழுத்துப் போட்டேன். உளுந்தை நசுக்கிக்கொண்டு டிராக்டர் போயிற்று. உன்னைப்போல் எனக்குத் திட்ட வரவில்லை. கோவிந்தன் என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கும் ஒரு நடை இருக்குதும்மா" என்றார்.

"வாங்க" என்றேன். கோபம் அப்படியே இருக்கிறது.