கழுவிக் காயவைத்த மணல்

11 ஜூலை 1994, திங்கள்

மண்டபம் ஊரிலிருந்து ரயிலில் இறால் வந்துவிட்டது. இருபத்து நான்கும் உயிரோடு! உடம்பில் சிவப்புப் பட்டை, மீசை மட்டும் வெள்ளை. ஸ்டேஷனிலிருந்து அடையாறு வரை பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். லேபில் இசக்கிமுத்து ஏற்கெனவே நடுத்தொட்டியைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார். பதினோரு வருஷமாகத் தினக்கூலி அட்டெண்டர். பாலவாக்கம் போய் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டித் தண்ணீர் கொண்டுவருபவர். இந்த மாதம் பெயர் நிரந்தர லிஸ்டில் போகிறதாம், வாயெல்லாம் பல்.

"இதுக எத்தனை நாளைக்கு ஒருக்கா சட்டையைக் கழட்டும்மா?" என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா எனக்கு பிஎச்.டி.! செப்டம்பரில் கட்டுரை வாசிக்க வேண்டும்.

அந்தத் தொட்டியில்தான் மார்ச்சில் வெள்ளைப்புள்ளி நோய் வந்த மீன்களுக்கு மயில்துத்தம் போட்டோம். பிழைத்த கோமாளி மீன் இரண்டும் அதிலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். துத்தத் தண்ணீரை அப்போதே கொட்டியாயிற்று. பவள மணலை நானே ஏழு தடவை அலம்பி, மொட்டை மாடியில் வடாம் மாதிரி இரண்டு நாள் காயவைத்துத் திரும்பத் தொட்டியில் போட்டேன்.

12 ஜூலை

ஐந்து செத்துவிட்டது. மற்றதெல்லாம் கவிழ்ந்து கிடந்து காலை உதறுகிறது.

13 ஜூலை

ஒன்றுகூட மிச்சமில்லை. ஒன்றுகூட! மீன் இரண்டு மட்டும் ஜம்மென்று நீந்திக்கொண்டிருக்கின்றன. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"எங்க மொண்டீங்க இந்தத் தண்ணியை? அடையாறு முகத்துவாரத்துலதானே? பாலவாக்கம் வரைக்கும் மிதிக்கச் சோம்பல்!" எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"இல்லம்மா, பாலவாக்கந்தான். கழுத்தளவு உள்ள போயித்தான் மொண்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

என் கைடு ராகவேந்திரன் சார்தான் துறைத் தலைவரும். எழுதிக் கொடு என்றார். கொடுத்தேன், அரைப் பக்கம். சாக்கடை கலந்த தண்ணீர் என்று எழுதினேன். நான் பார்க்கவில்லைதான். வேறென்னவாக இருக்கும்?

15 ஜூலை

இசக்கிமுத்துவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லிஸ்டிலிருந்தும் பெயர் போயிற்று. சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, "மூலைல ஒரு கேன் தண்ணி மிச்சம் கெடக்கும்மா" என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

24 ஜூலை, ஞாயிறு

மயிலாப்பூர் ஆத்தில் எல்லோரும் இருந்தோம். அம்மா கொல்லையில் தாமிரக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நேத்திக்குத்தான் தேய்ச்சேன். எத்தனை அலம்பினாலும் பச்சையா இறங்கிண்டே இருக்குடி" என்று அலுத்துக்கொண்டாள்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

துத்தம் என்றால் தாமிரம்தானே. மீனுக்கு மருந்து, இறாலுக்கு விஷம். தாமிரம் மணலுக்குள் போய்ப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். புத்தகத்தில் அந்த வரிக்கு நானேதான் அடிக்கோடு போட்டேன். மீன் ரெண்டும் சாகலையே, இறால் மட்டும் ஏன் செத்தது — ஒரு நிமிஷம் யோசிச்சேனா நான்? ஏழு தடவை அலம்பினேனாம். வெயில்ல வெச்சேனாம். மடி வேஷ்டியா அது, காஞ்சா சுத்தமாக!

25 ஜூலை

நடுத்தொட்டி மணலில் ஒரு பிடி எடுத்து அமிலத்தில் கரைத்தேன். அம்மோனியா விட்டேன். நீலம். தாமிரம்தான்.

கேன் தண்ணீரிலும் பார்த்தேன். நிறமே இல்லை.

26 ஜூலை

டெஸ்ட் ட்யூபோடு சாரிடம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லிஸ்ட் போயாச்சும்மா. இப்போ இதைச் சொன்னா செப்டம்பர்ல உன்னைத்தான் கேள்வி கேப்பா. போய் ட்யூபை அலம்பி வை."

அலம்பி வைத்தேன்.

31 ஜூலை

யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. சீ.

3 ஆகஸ்ட்

மறுபடி ஆறு இறால் வரவழைத்தேன். புதுக் கண்ணாடி ஜாடி. மணல் கிடையாது. தண்ணீர், அவர் விட்டுப்போன கேனிலிருந்து.

7 ஆகஸ்ட், ஞாயிறு

ஆறும் உயிரோடு. விலாசம் விசாரித்துக்கொண்டு தரமணி போனேன். இசக்கிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உங்கள ஒண்ணும் சொல்லலம்மா அவுக. கடல்லதான் ஏதோ கலந்துட்டு போலன்னு, வேலை போன மறுநாளே அந்த எடத்துக்குப் போயி, மொண்டு குடிச்சுப் பாத்தாக. ராவெல்லாம் வாந்தி."

அவர் உள்ளே இருந்து வந்தார். கிண்டியில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன் வேலையாம். கால்சட்டை புதுசு, நீளம் போதவில்லை. தொட்டி, துத்தம், மணல் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னோடது, மன்னிச்சுடுங்கோ என்றேன். அழுதேன், வெட்கமில்லாமல்.

வாசல்படியில் உட்கார்ந்தார். அப்புறம், "அப்ப தண்ணி நல்ல தண்ணிதானம்மா?" என்றார்.

"நல்ல தண்ணிதான்."

தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. வேலையைப் பற்றிக்கூட.

8 ஆகஸ்ட்

பதிவாளருக்கு நானே எழுதினேன். நான் கொடுத்த புகார் பொய், தண்ணீரில் குறை இல்லை, மணலில் இருந்த மருந்துதான் கொன்றது, அந்த மணலைப் போட்டது நான். சாருக்கும் ஒரு நகல் வைத்தேன். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

19 ஆகஸ்ட், வெள்ளி

நிரந்தர லிஸ்டை ஒட்டிவிட்டார்கள். நாலு பெயர். இரண்டு தடவை படித்தேன். பதிவாளரிடமிருந்தும் பதில் வந்தது, ஒரே வரி: பட்டியல் இறுதியானது. செப்டம்பர் கட்டுரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகிறது. போகட்டும்.

காலையில் ஜாடியில் ஏழு இறால் தெரிந்தது. ஒரு கணம் புரியவில்லை. ஒன்று சட்டையைக் கழற்றியிருக்கிறது. மீசை நுனி வரை முழுசாக, கண்ணாடி மாதிரி. பதினாறு நாள். நோட்டில் எழுதினேன். தண்ணீர் என்கிற இடத்தில்: பாலவாக்கம், கொண்டுவந்தவர் இசக்கிமுத்து.

மிச்சத் தண்ணீரை ஜாடிக்கு மாற்றிவிட்டேன், கேன் காலி. புது ஆள் இன்னும் போடவில்லை. நாளைக்கு நான்தான் போக வேண்டும். கழுத்தளவு இறங்க வேண்டுமாம். எனக்கு நீச்சல் தெரியாது.