பரணில் இருக்கும் குக்கர்

ஜூன் 3, செவ்வாய்

காற்று. தூறல் மட்டும். குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை, போர்வெல் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினோம். வாடகை அறை நான்கில் மூன்று நிறைந்திருக்கிறது. எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.

ஷிரீன் போனில். வங்கதேசத்துக்காரி. போன வருஷம் மகள் மீத்துவுக்குக் காலில் பிளேட் வைத்தபோது நாலாம் அறையில் இருந்தாள். இப்போது அதை எடுக்க வரவேண்டும். விசா விண்ணப்பிக்கத் தேதியே கிடைக்கவில்லையாம். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அழுகை மட்டும் முழுசாகப் புரிந்தது.

அவள் குக்கர் இன்னும் பரணில். திரும்பி வருகிறவள் எதற்குச் சுமக்கிறாய் என்று நான்தான் வாங்கி வைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கரன்ட் பில். பல்பு. ரவை.

மீத்துவின் டாக்டரிடம் கேட்டேன். "வளர்ற புள்ளைங்க. எலும்பு மூடிப்போட்டா எடுக்கறது கஷ்டம். சீக்கிரம் வரச் சொல்லுங்க." யாரிடம் போய்ச் சொல்ல?

சாயந்திரம் வீட்டில் இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவுங்க நாட்டுல நம்மள அந்தப் பேச்சுப் பேசறாங்க. நாம எதுக்கு விசா குடுக்கோணும்?"

"பத்து வயசுப் புள்ள என்னங்க பேசுச்சு?"

"கொஞ்சம் இறுக்கிப் புடிச்சாத்தான் வழிக்கு வருவாங்க அம்மணி."

ஜூன் 7, சனி

பக்கத்து வீட்டில் போர் வற்றிவிட்டது. கார் நிறுத்துகிற தகராறில் அவர்களோடு ரொம்ப நாளாகப் பேச்சு இல்லை. ஆனாலும் காலையில் இவரே மதிலுக்கு மேல் ஹோஸைப் போட்டு மோட்டாரைத் தட்டினார். அந்தப் பக்கம் யாரோ இழுத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பகையாளிக்கும் தண்ணீர் இல்லை என்று சொல்வதில்லை.

"விசா குடுக்கக் கூடாது, இது மட்டும் எதுக்குங்க?"

"அது வேற, இது வேற."

எனக்கு எரிச்சல்.

ஜூன் 24, செவ்வாய்

ஷிரீன் சீனாவுக்குப் போகிறாள். குன்மிங் என்று ஓர் ஊர். விசா உடனே கிடைத்ததாம். மொழிபெயர்க்க ஆளும் அவர்களே தருகிறார்களாம். மீத்து நம் டாக்டர்தான் வேண்டும் என்று அழுதாளாம்.

இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். "புள்ளைக்குச் செரியாப் போனாச் செரி."

ஜூலை 9, புதன்

வெயில். பிளேட் எடுத்தாயிற்று. போட்டோவில் மீத்து நிற்கிறாள், அதே ஓட்டைப்பல் சிரிப்பு. வயிறு குளிர்ந்தது. வருத்தமும்தான், இல்லை என்று எதற்கு எழுத? இனிப் பரிசோதனை எல்லாம் அங்கேயே. ஷிரீனின் மாமாவும் கண்ணுக்கு அங்கேதான் போகிறாராம். குக்கரை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

இறக்கிக் கழுவினேன். கேஸ்கட் காய்ந்திருந்தது. புதுசு போட்டு, இரண்டாம் அறைப் பாலக்காட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் அம்மணி, அவுங்க வந்தாக் கேக்க மாட்டாங்களா?"

"இனி வர மாட்டாங்கங்க."