கருத்துப் பெட்டியில் கிடந்த சீட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். வாரா வாரம்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், உன் தம்பி அடுத்த அறையில் இருப்பான், நம் வீட்டுச் சுவரின் கனம் உனக்குத் தெரியாததா. அதனால் நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, மூலை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. பயத்தோடு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நம் கட்டடத்தின் கீழே இருக்கிற காபிக் கடையை நீ போன தடவை வந்தபோது பார்த்திருக்கிறாய். பெயர்ப் பலகையைக்கூடக் கையாலேயே எழுதி மாட்டியிருப்பார்களே, அதுதான். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்ணும் அவள் அண்ணனும் நடத்துகிறார்கள். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கொட்டை வறுப்பதும் அரைப்பதும் அவர், வாடிக்கையாளரோடு வாயாடுவது அவள். இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையிலேயே குடியிருக்கிறார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய காபிக் கம்பெனி அந்த இடத்தைக் கேட்டு நம் கட்டட உரிமையாளரிடம் வந்திருக்கிறது. அவர் தன் தலையில் பழி விழக்கூடாது என்று பார்க்கிற மனிதர், குடியிருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்களோ அதன்படி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். நம் சங்கத் தலைவரை உனக்குத் தெரியும், பேங்கிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் எல்லோரும் மேனேஜர் என்றே கூப்பிடுகிறார்களே, அவர் உடனே ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்து, இந்தக் கடை வேண்டுமா வேண்டாமா, ஏன் என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதிப் போடச் சொன்னார். பெயர் போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் உரக்கப் படிக்கும் வேலை எனக்கு. முப்பத்தோரு வருடம் தபால் பிரித்தவன், எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படித்துவிடுவான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தேன். பெயர் இல்லாவிட்டால் என்ன, எழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஆள் தெரிந்துவிடும். இரண்டாவது மாடித் தையல்காரர் அந்த அரைக்கிற மெஷின் சத்தம் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் நான் காலையில் எழுந்திருக்கவே மாட்டேன், ஆகவே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். நர்ஸ் பெண், வேலை முடிந்து வரும்போது சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கும் ஒரே இடம் அது என்று ஒற்றை வரி. மேனேஜர், ஒரு கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்காரும் இளைஞர்களால் வாசலில் நடக்க முடியவில்லை என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு இரண்டு பக்கம். உன் அம்மாவும் போட்டிருந்தாள், என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போய் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறார், மூடினால் நல்லது என்று. தனியாக உட்கார்ந்து சிரித்தேன் பாப்பா. சிரித்துக்கொண்டேதான் அடுத்த சீட்டைப் பிரித்தேன்.

ஒரு வாரத்துக்குள் காலி செய்யாவிட்டால் கடையோடு சேர்த்து உங்களையும் கொளுத்துவோம் என்று எழுதியிருந்தது. இடது கையால் எழுதியது போல எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்தது. ஆனால் கொம்பு போட்டுவிட்டு, தனியாக ஒரு நெல்லளவு இடம் விட்டு, அப்புறம்தான் எழுத்தைத் தொடங்கியிருந்தது. கொளுத்துவோம் என்ற வார்த்தையில் இரண்டு கொம்பு வருகிறது, இரண்டும் அப்படியே தள்ளி நின்றன. அப்படி எழுதுகிற ஆள் நம் வீட்டில் ஒருவன் இருக்கிறான். இரண்டாம் வகுப்பிலிருந்து நீயும் நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. வேறு யாராவதுகூட அப்படி எழுதலாமே என்று அவனுக்காக நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். அம்மா வரும் சத்தம் கேட்டதும் சீட்டை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் திணித்துவிட்டேன். அன்றைக்கே போய் அவனைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். ஒரு ராத்திரி, முழுதாக ஒரு ராத்திரி வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு ராத்திரி இன்னமும் என் நெஞ்சில் கல்லாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் பால் வாங்க இறங்கினேன். அந்தப் பெண் கடையின் பின் கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சார், இதைப் பாருங்களேன் என்றாள். கதவுக்கடியில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை யாரோ திணித்துப் பற்ற வைத்திருக்கிறார்கள். கதவின் அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குக் கருகியிருந்தது. முந்தின நாள் அவள் படியைக் கழுவிவிட்டு ஈரச் சாக்கை அங்கேயே போட்டிருக்கிறாள், அதில் பட்டு அணைந்துபோயிருக்கிறது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் அவள் அண்ணனின் கட்டில். "நான் கத்தியிருந்தாக்கூட அவருக்குக் கேட்டிருக்காது சார்" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. நான் பால் வாங்காமலேயே மேலே வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் தம்பி குளிக்கப் போனதும் அவன் அறைக்குள் போய்க் கொடியில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். பெற்ற பிள்ளையின் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறதா என்று. அடிக்கவில்லை. ஆனால் மேஜையில் அந்தக் காபிக் கம்பெனியின் கடிதம் இருந்தது. கிளை திறந்ததும் மேற்பார்வையாளர் வேலைக்கு உங்களைப் பரிசீலிக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். செல்போன் கடையை மூடியதிலிருந்து பதினான்கு மாதமாக வேலையில்லாமல் கிடந்தவன், அந்தக் காகிதத்தை எத்தனை தரம் பிரித்து மடித்தானோ, மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது.

மொட்டை மாடிக்கு வரச் சொல்லி, சீட்டை அவன் முன்னால் நீட்டினேன். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "எழுதினது நான்தாம்பா. சும்மா பயமுறுத்தத்தான். துணி வச்சது சத்தியமா நான் இல்லப்பா" என்றான். அப்படியானால் யார் என்று கேட்டேன். அவனோடு செல்போன் கடையில் இருந்த இரண்டு பேர், அவர்களுக்கும் அதே கம்பெனி அதே மாதிரி கடிதம் கொடுத்திருக்கிறது. பெட்டியில் போடுவதற்கு முன்னால் இவன் அவர்களிடம் சீட்டைக் காட்டியிருக்கிறான். மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், எழுதி என்ன ஆகப்போகிறது, செய்து காட்ட வேண்டும் என்றானாம். அதையும் விளையாட்டு என்று நினைத்தேன் என்கிறான். நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை. நான் நம்புகிறேனா என்று அவன் கேட்டான். தெரியவில்லை என்றுதான் சொன்னேன், அது அப்போதைய உண்மை.

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். ஆறு படி இறங்குவதற்குள் அவன் மூன்று இடத்தில் நின்றான். கடையில் ஆள் இல்லாத நேரம். சீட்டை அவனே அவள் கையில் கொடுத்தான், நான் எழுதினது அக்கா என்றான். அவள் படித்தாள். அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தாள், அவரும் படித்தார், கல்லாப் பக்கத்தில் இருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டினால் தேவலை என்று இருந்தது. கடைசியில் அவள், "எங்கண்ணனுக்குக் காது கேக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாள். இவன் தலையாட்டினான். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவனைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள், வழக்கு முடிகிறவரை திங்கட்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும். அந்த இருவரில் ஒருவன் பிடிபட்டுவிட்டான். செய்து காட்ட வேண்டும் என்று சொன்னானே, அவன் இன்னும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மற்றச் சீட்டுகளை நான் படித்தேன், அந்த ஒன்றை உன் தம்பியே எழுந்து படித்தான். உன் அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரும்பாலானவர்கள் கடை இருக்கட்டும் என்றே எழுதியிருந்தார்கள். அதைச் சொன்னதும் அந்தப் பெண் எழுந்து, "பெட்டி வச்சு எல்லாரையும் கேட்டீங்க. இருக்கணுமா போகணுமான்னு எங்களுக்கு ஒரு சீட்டு குடுக்கலாம்னு யாருக்குமே தோணலையா?" என்று கேட்டாள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான், பெட்டியைக் காவல் காத்தவன் நான்தானே. அப்புறம் அவளே, நாங்க இருக்கோம், ஆனா இனிமே யார் உள்ள வந்தாலும் முகத்தைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கதவைத் தட்டினால் அவள் அண்ணனின் கட்டிலருகே விளக்கு எரிகிற மாதிரி ஒன்று பொருத்தப் போகிறார்கள். தனக்கு அந்த வேலை தெரியும், செய்து தருகிறேன் என்று உன் தம்பி கேட்டான். வேண்டாம், வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றுவிட்டாள். அவள் செய்தது சரிதான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நேற்று முன்தினம் எதிர்ப் பக்க நடைபாதையில் ஒருவன் நின்று, உன் தம்பியின் பெயரைச் சொல்லி எந்த மாடி என்று தையல்காரரிடம் கேட்டிருக்கிறான். அவர் தெரியாது என்று சொல்லிவிட்டு மேலே ஓடி வந்து சொன்னார். ஸ்டேஷனில் சொல்லிவிட்டோம், ஒரு போலீஸ்காரர் இரண்டு வேளை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஆனாலும் அழைப்பு மணி அடித்தால், யாரென்று கேட்டுக் குரலை அடையாளம் தெரிந்துகொள்ளாமல் நான் கதவைத் திறப்பதில்லை. அவன் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்புகிற வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. அம்மா அழுது அழுது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள், அவனை உன்னிடம் அனுப்பிவிடுவது என்று. இந்த வாரம் போனில் உன்னைக் கேட்பாள். அனுப்பினால் உயிருக்குப் பயமில்லை, எனக்கும் அது தெரியும். ஆனால் அவன் சாட்சி சொல்லாவிட்டால் பிடிபட்டவனும் வெளியே வந்துவிடுவான், அந்தக் கருகின கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். உன் தம்பியிடமே கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று. "போன்னு சொன்னா நான் போயிடுவேன்பா. அதான் பயமா இருக்கு" என்றான். தனக்கு எதிராகவே உண்மையைச் சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகுதான் துணி வைத்தது அவன் இல்லை என்று நான் முழுசாக நம்பினேன்.

அதனால் அம்மா கேட்டால், இங்கே இடமில்லை, இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடு. பொய்தான். உன்னைப் பொய் சொல்லச் சொல்லி அப்பா கேட்பது இதுதான் முதல் தடவை. நான் தடுத்தால் பெற்ற பிள்ளையைப் பலி கொடுக்கிறீர்களா என்று கேட்பாள். நீ சொன்னால் உன்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள், அதை நீ தாங்கிக்கொள்வாய். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி என்னோடு இருக்கட்டும், உனக்கு அதில் பங்கில்லை, அதற்காகத்தான் என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன், இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் இப்போது எனக்கு நிம்மதி. உங்கள் வீட்டுக் கூரையில், புகை வந்தால் அலறுகிற அந்த மணியை ஒரு தரம் அமுக்கிப் பார், பாட்டரி தீர்ந்திருந்தால் இன்றைக்கே மாற்று. தம்பிக்குப் போன் செய்து திட்டாதே. அவனோடு பேசு, என்ன சாப்பிட்டாய் என்று கேள். நீ பேசவே மாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி
அப்பா