ஸ்டெபிலைசர் மேல் இருந்த டேப்புகள்

துலா (ஐப்பசி) மாதம், வியாழன்.

ஆஸ்பத்திரி சர்வரில் நேற்று பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டேன். டேப்பில் பதிந்ததைத் திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதுதான் அதில் புதுசு. பழையது பதிந்ததும் ‘முடிந்தது’ என்று சொல்லும். நானும் நிம்மதியாகக் கொல்லயில் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.

இன்று பழைய டேப்புகளையும் சரிபார்க்கக் கொடுத்தேன். ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. தினமும் அவற்றை எடுத்து வைப்பவர் ஆபீஸ் ஸ்டெல்லா அக்கா. எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் அறை ஸ்டெபிலைசர் மேல், மாதா படத்துக்கு முன்னால் என்றார்.

“அதுக்குள்ள காந்தம் மாதிரி ஒண்ணு உண்டுக்கா. எல்லாம் அழிஞ்சு போச்சு.”

“மாதாவுக்க காலடியில வச்சதாக்கும் மக்கா. வேற எங்க வைக்க?”

மானேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தச் செக்கிங்க ஆஃப் பண்ணிரும். பழயதுல இந்தத் தொல்லை இல்லல்லா” என்றார் மானேஜர். நான் புதிய டேப்புகளுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தேன்.

பதியும் தடத்தைக் காட்டும் குறிகளும் சேர்ந்து அழிந்துவிட்டதால் அந்த டேப்புகளில் இனிப் பதியவும் முடியாது. புதியவை வர சனிக்கிழமை ஆகும். அதுவரை நோயாளிகளின் விவரமெல்லாம் அந்த ஒரே சர்வர் பெட்டியில்தான்.

இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் இடி இடிக்கிறது. கிளம்பும்போது நானும் மாதாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.