பெயர் இல்லாத மாத்திரை

அவிநாசி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சித்ரா கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை இல்லாமல் இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க முருகன் காக்கட்டும். போனில் என் குரல் சரியில்லை என்றாயே, அதற்குக் காரணம் இருக்கிறது. பேசினால் நீ இடையில் கேட்பாய், நான் வரிசை தவறிவிடுவேன், அதனால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். கருத்தம்மாவை நேற்று பனியன் கம்பெனியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளே மாலையில் நம் வீட்டுக்கு வந்து சொன்னாள். என் ஏழாம் வகுப்பில் படிக்கும் வேல்விழியின் அம்மா அவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தையல் லைனில் இருந்தாள், புருஷன் இல்லை.

வேலை போனதற்குக் காரணம் என் வகுப்பு. உடல்நலமும் நல்லொழுக்கமும் என்று வாரம் ஒரு பாடவேளை எடுக்கிறேன் அல்லவா, போன வாரம் பெண்பிள்ளைகளை மட்டும் வைத்து, மாதவிலக்கு நாட்களில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருத்தி வயிற்றுவலியில் கவிழ்ந்து படுத்திருந்தாள். வேல்விழி பென்சில் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டி, "இதப் போடுட்டீ, எங்கம்மா கம்பெனில குடுப்பாவ, போட்டா ஓவர்டைமே பாக்கலாம்" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாங்கிப் பார்த்தேன், அட்டை இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை, தாளில் மடித்த வெறும் வெள்ளை மாத்திரை. பள்ளிக்கு லீவு போடாமல் இருக்கத் தானும் மாதாமாதம் போடுவதாகச் சொன்னாள். அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் அங்கேயே, எந்தக் கம்பெனி, யார் கொடுப்பது என்று கேட்டேன், உண்மையைச் சொல்லப் பயப்படக் கூடாது என்றும் சொன்னேன். சொல்லிவிட்டாள். அவள் சொன்னது அம்மாவின் சூப்பர்வைசர் முருகவேலின் பெயர், அவருடைய மகள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊர் வகுப்பில் தைக்கிறவர் பிள்ளையும் வேலை வாங்குகிறவர் பிள்ளையும் ஒன்றாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாததல்ல.

தலைமையாசிரியர் ரத்தினசாமி, "ஏனுங்க டீச்சர், பல்லு வெளக்கறது, கை கழுவறதுன்னு நடத்தீட்டுப் போலாமல்லங்க" என்று அலுத்துக்கொண்டார், ஆனாலும் அன்றே மேலே எழுதி அனுப்பினார், அதையும் சொல்ல வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்து மாத்திரையை வாங்கிப் போனார். அதன் பிறகுதான் முருகவேல் கருத்தம்மாவைக் கூப்பிட்டு, "மெடிக்கல்ல வாங்குனதுன்னு உம்புள்ளையச் சொல்லச் சொல்லு, மக்யா நாளே வந்து மெஷின்ல உக்காரு" என்றிருக்கிறார். வேல்விழி மாட்டேன் என்கிறாள். கருத்தம்மாவுக்கு என்மேல் கோபம் இல்லை, கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கா டீச்சர். எங்க டீச்சர் சொல்லட்டும், அப்பம் சொல்லுதேங்கா. ஒரே ஒரு பொய்யி, நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று கேட்டாள். நான் கொடுத்த காபியை ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் போனாள்.

தெரிந்த இரண்டு கம்பெனிகளில் அவளுக்கு வேலை கேட்டேன். பெயரைக் கேட்டதும் பாக்கலாமுங்க என்று போனை வைத்துவிட்டார்கள். உன் அப்பா, "ஒரு பொய்யில ஒரு ஊடு பொழைக்குதுன்னா சொல்லீட்டுப் போகட்டும் உடு அமராவதி" என்கிறார். அந்த லைனில் இன்னும் எத்தனை பெண்கள் அதை விழுங்குகிறார்கள், எத்தனை பிள்ளைகளின் டப்பாவில் அது இருக்கிறது என்பதும் மனதை விட்டுப் போகவில்லை. பொய் சொல் என்று அந்தப் பிள்ளையிடம் என்னால் சொல்ல முடியாது, உண்மையைச் சொல் என்று அவள் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியவில்லை.

பரிசோதனை முடிவு மாதக் கடைசியில் வரும் என்றார் ஆய்வாளர். திங்கட்கிழமை பள்ளியில் விசாரணை, வேல்விழியைக் கேட்பார்களாம். பிள்ளையை விட்டுவிட்டு என்னைக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. வழக்கம்போல் ஞாயிறு மாலை போன் செய்யாதே கண்ணு, என் பதிலைக் கேட்க கருத்தம்மா மகளையும் கூட்டிக்கொண்டு அப்போது வருகிறாள்.

உன் அம்மா,
அமராவதி