செங்காரியின் காது வெட்டு

12.06.2024
இன்று எங்கள் பசு செங்காரியின் வலக்காது ஓரத்தில் கச்சான் கொட்டையளவு சதையை வெட்டி எடுத்தார்கள். எடுத்தவள் நிசாந்தினி. புங்குடுதீவுத் தாய்தகப்பனுக்குக் கனடாவில் பிறந்த பிள்ளை, அங்கே ஒரு மருந்துக் கம்பனியில் வேலை. அந்தச் சதையின் உயிரணுவில் மனித மரபணு ஒன்றைச் சேர்த்து, செங்காரியைப் போலவே இன்னொரு மாட்டைப் பிறப்பிப்பார்களாம். அதன் பாலில் இரத்தத்தை உறையவைக்கும் மருந்து சுரக்குமாம். பத்து வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், பாதிதான் விளங்கியது. கேள்வி கேட்டே அவளைக் களைக்க வைத்துவிட்டேன்.

"ஏன் எங்கடை நெடுந்தீவு மாடு?"

"உவர்த்தண்ணி குடிச்சும் சாகாத மாடு வேணும் அக்கா."

தம்பி யசிந்தன் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் இரத்தம் நிற்காது. படகேறி யாழ்ப்பாணம் போய் ஊசி போடவேண்டும்.

"அக்கா, உடனை நிண்டிட்டுது," என்றான், அதிசயமாக.

15.06.2024
சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கிறது. மூன்று நாளாகப் படகில்லை. ஐஸ் உருகி, சதை பழுதாகிவிட்டது.

02.07.2024
நிசாந்தினி வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறாள். இதுதான் கடைசித்தரமாம். ஆனால் செங்காரியைக் காணவில்லை. மேயப் போய் நாலு நாள். கேணியடி எல்லாம் தேடியாச்சு. எங்கையடி போனனீ?

04.07.2024
கண்டுபிடித்தோம் — சின்னக்குட்டி அண்ணையின் பட்டியில்! அவர் கள்ளன் இல்லை. இங்கே மாடுகள் கட்டாக்காலியாகத் திரியும், யாருடையது என்று காது வெட்டைப் பார்த்துத்தான் சொல்வோம். எங்களுக்கு இடக்காதில் ஒரு வெட்டு. அவருக்கு இரண்டு காதிலும் ஒவ்வொன்று. நிசாந்தினி வலக்காதில் வெட்ட, நான் கயிறு பிடித்துக்கொண்டு நின்றேனே! பெரிய விஞ்ஞான ரீச்சர்!

"காதைப் பாரும் ரீச்சர். என்ரை மாடு," என்றார்.

"அது யசிந்தன்ரை மருந்துக்கு வெட்டினது அண்ணை."

அவர் காதைத் தடவிப் பார்த்தார். "ஓம், புதுக்காயந்தான். கொண்டு போம். இடக்காதிலை இன்னொண்டு வெட்டிவிடும், இல்லாட்டி திரும்பவும் என்ரை பட்டிக்குத்தான் வரும்."

05.07.2024
அந்த இடக்காது வெட்டிலேயே நிசாந்தினி சதையை எடுத்தாள். ஒரு வெட்டில் இரண்டு வேலை. படகும் ஓடியது.

18.03.2025
யசிந்தன் கல்வேலியில் முழங்காலை இடித்துவிட்டான். பூசணிக்காயளவு வீக்கம். படகு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மாட்டின்ரை காதிலை நிக்கிற ரத்தம் என்ரை தம்பிக்கு ஏன் நிக்குதில்லை?

09.12.2025
கனடாவில் கன்று பிறந்துவிட்டது! நிசாந்தினி படம் அனுப்பியிருக்கிறாள். அதே செம்மை, அதே முறைப்பு. மருந்து மனிதருக்கு வர இன்னும் எட்டு வருடமாவது ஆகுமாம். யசிந்தன் விரல்விட்டு எண்ணினான். "அப்ப எனக்கு முப்பத்தாறு," என்றான். எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை.

சின்னக்குட்டி அண்ணைக்கும் படத்தைக் காட்டினேன். பெருப்பித்துப் பார்த்தார்.

"ரெண்டு காதும் முழுசாக் கிடக்கு. இப்ப இது ஆருடைய மாடு ரீச்சர்?"

"கம்பனியுடையது அண்ணை," என்றேன்.

யசிந்தன் போனை வாங்கி அந்தக் காதுகளை வெகுநேரம் பார்த்தான்.

"நிசாந்தினிக்கு எழுது அக்கா, இதின்ரை காதை ஒருத்தரும் வெட்டவேண்டாமெண்டு."

எழுதி அனுப்பினேன்.