மூன்றாவது பக்கத்தின் சுருக்கம்

சுங்கை சிப்புட்
2 ஜூலை 2025

அன்புத் தங்கச்சி குமுதாவுக்கு,

எஸ்டேட் கம்பெனி நம் லயத்து வரிசை வீடுகள் நிற்கும் நிலத்தை விற்கப்போகிறது. போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. முதல் பக்கம் மலாயில், ஜூலை 31 என்று கெடு மட்டும். மற்ற மூன்று பக்கமும் இங்கிலீஷ். கோயில் தலைவர் என்று பதினோரு வீட்டுக்காரர்களும் என்னிடம்தான் கொடுத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

இங்கிலீஷ் பாடத்துக்குச் சுருக்கி எழுத நீ அனுப்பிய யானைக் கதையை விட்டுவிட்டேன். ஐம்பத்து நாலு வயது டயர் வியாபாரிக்கு யானை எதற்கு? அந்தக் கடிதத்தையே எடுத்து, நீ சொன்னபடி மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, சொந்த இங்கிலீஷில் எழுதி இணைத்திருக்கிறேன். போனைத் தொடவில்லை, அகராதி மட்டும்தான். ஆறு பாயிண்ட், ஒன்றும் விடவில்லை. டயர் வாங்கும் சிங்கப்பூர்க்காரன் இமெயிலுக்கு இனி மகனைக் கெஞ்ச வேண்டாம். மார்க்கைக் குறைக்காதே லா.

உன் அண்ணன்
தேவன்

* * *

பாரிட் புந்தார்
7 ஜூலை

அன்புள்ள அண்ணே,

பத்துக்கு ஒன்பது. நாலாவது பாயிண்ட் மிகத் தெளிவு. மூன்றாவது பக்கத்தில் கம்பெனி சுற்றி வளைத்துச் சொன்னதை இரண்டே வரியில் எழுதிவிட்டீர்கள்: குடியிருப்பவர்கள் கெடுவுக்குள் எழுதிக் கேட்டால் அவரவர் வீட்டு நிலத்தை அவர்களுக்கே முதலில் விற்பார்கள், கேட்காவிட்டால்தான் வெளியாருக்கு.

நேற்று லயத்திலிருந்து மங்களம் அக்கா போன் செய்தார். "குமுதா, அந்தப் பக்கம் வாடகை வீடு ஏதும் இருக்கா? ஆறாயிரம் வாங்கிட்டு காலி பண்ணணுமாம், வேற வழி இல்லியாம். தேவன் சொல்லிட்டான்" என்றார். நீங்களே வாங்கலாம் என்று ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அப்டி ஒண்ணும் இல்லியே" என்றார்.

எனக்கு ஆறு பாயிண்ட், அவர்களுக்கு ஐந்தா? மறந்தீர்களா, மறைத்தீர்களா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதுங்கள்.

குமுதா

* * *

சுங்கை சிப்புட்
11 ஜூலை

தங்கச்சிக்கு,

மறக்கவில்லை. உன்னிடம் எதற்குப் பொய்?

டவுனில் என் டயர் ஸ்டோர் இருக்கும் இடத்து முதலாளி டிசம்பரோடு காலி செய்யச் சொல்லிவிட்டான். நாலாயிரம் பழைய டயரை எங்கே கொண்டுபோய் அடுக்குவேன்? லயத்து நிலம் ரோட்டோரம், லாரி திரும்பும். முழுத் துண்டையும் நானே வாங்க கம்பெனிக்கு விலைக்கடிதம் கொடுத்திருக்கிறேன்.

மங்களம் அக்கா பள்ளிக் கேன்டீனில் தட்டு கழுவுகிறார். எந்த பேங்க் லோன் கொடுக்கும்? முடியாததைச் சொல்லி ஏன் ஆசை காட்ட வேண்டும்? முக்கியமில்லாததை விடுவதுதான் சுருக்கம் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய்? கம்பெனி தரும் ஆறாயிரத்தோடு என் கையிலிருந்தும் வீட்டுக்கு இரண்டாயிரம் போடுகிறேன். வேறு எவன் போடுவான்?

இதில் தலையிடாதே. உன் வீட்டுக்காரர் கடை வைத்தபோது கூட நின்றது யார் என்று யோசி.

தேவன்

* * *

பாரிட் புந்தார்
15 ஜூலை

அண்ணே,

கடை வைத்தபோது நீங்கள்தான் நின்றீர்கள். அதனால்தான் இந்த நிமிடம்வரை மங்களம் அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை.

சுருக்கும்போது உங்களுக்கு வேண்டாததை விடச் சொல்லித் தரவில்லை. அந்தக் கடிதம் அவர்களுக்கு வந்தது. முடியுமா முடியாதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.

உங்கள் கையெழுத்தில் ஆறு பாயிண்ட்டும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, அதே கோயில், அதே ஆட்கள். நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் திங்கள் காலை பஸ் ஏறி வந்து நான் வாசிப்பேன். அதற்குப் பிறகு பாடமும் கிடையாது, அண்ணன் என்று கூப்பிட எனக்கு வாயும் வராது.

குமுதா

* * *

சுங்கை சிப்புட்
24 ஜூலை

குமுதாவுக்கு,

சொல்லிவிட்டேன். திருந்திப்போய்ச் சொல்லவில்லை, நீ பஸ் ஏறிவிடுவாய் என்று தெரியும்.

நாலு பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பிறகு மங்களம் அக்கா கேட்டார்: "ஏன் தேவா, அன்னிக்கு மூணாவது பக்கம் பசை போட்டு ஒட்டிக்கிச்சா லா?" எல்லாரும் சிரித்தார்கள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோயில் சாவியை வாங்கி லயத்துப் பையன் தனேஷிடம் கொடுத்தார்கள். இனி அவன்தான் தலைவர்.

எழுந்து நடந்தபோது அக்காதான் நிறுத்தினார். "கம்பெனிகிட்ட பேச இவனையே அனுப்புங்க. நம்மளையே ஏமாத்தப் பார்த்தவன், அவனுங்கள விடுவானா?"

நேற்று ஈப்போவில் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். முதலில் என் விலைக்கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். அங்கே மேனேஜர் இங்கிலீஷில் ஒவ்வொரு பத்தியாக வாசித்தான். ஒவ்வொன்றையும் என் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி, "இதுதானே நீங்கள் சொல்வது?" என்று கேட்டேன். அப்படித் திருப்பிச் சொல்லும்போதுதான் அவன் வழுக்கிய இடமெல்லாம் பிடிபட்டது. காலையில் வீட்டு நிலம் ஒன்றுக்கு இருபத்து நாலாயிரம் என்று தொடங்கியவன், சாயங்காலம் இறங்கி வந்தான்.

ஒன்பது வீட்டுக்காரர்கள் எடுக்கிறார்கள். இரண்டு பேர் பணம் போதும் என்றார்கள். டயருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. நீ பாடம் அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம், நான் கேட்கமாட்டேன்.

எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்தது இதுதான்: வீட்டு நிலம் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் ரிங்கிட், முன்பணம் ஆயிரம், மீதி ஆறு வருடத்தில், வட்டி கிடையாது, நிலப்பத்திரம் குடியிருப்பவர் பெயரில்.

தேவன்